டேஷ்போர்டுக்குள் ஒரு வலது கை

சத்தியமாகச் சொல்கிறேன், தம்பி. நான் இப்போது சொல்லப்போவதில் ஒரு எழுத்து பொய் என்றால் இந்தப் பஸ் இந்த இடத்திலேயே நின்றுபோகட்டும். இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஆணை.

நின்றுவிட்டதே.

சரி, இது ரயில்வே கேட். கேட் கணக்கில் வராது. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, அதற்குள் எப்படிப் பொய்யாகும்? நீங்கள் சாய்ந்து உட்காருங்கள். ஜன்னல் பக்கம் பிடித்துவிட்டீர்கள், இறங்குவதென்றால் என்னைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். எனக்கு முழங்கால் சட்டென்று மடங்காது. அதனால் கேட்பதுதான் உங்களுக்கும் நல்லது.

டிரைவருக்கு முன்னால் பாருங்கள். மீட்டர் இருக்க வேண்டிய இடத்தில் வட்டமாக ஒரு ஓட்டை. அதில் சாமந்திப் பூவைச் செருகி வைத்திருக்கிறான். உங்களுக்கு அது ஓட்டை. எனக்கு அதைப் பார்த்தால் வலது மணிக்கட்டு நோகும். ஏன் என்று கேளுங்கள். கேட்காவிட்டாலும் சொல்வேன்.

சாத்தூரில் என்னை இன்ஸ்பெக்டர் என்பார்கள். போலீஸ் இல்லை, பயப்படாதீர்கள். கரண்ட் ஆபீசில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்தவன். ஒருமுறை பெரிய லைனில் மயில் ஒன்று மாட்டிக்கொண்டது. சப்ளையை நிறுத்தாமல் அதை உயிரோடு இறக்கினேன். அதன் பிறகு அந்த மயில் ஏதாவது வீட்டில் ரேடியோ போட்டால்தான் தோகை விரிக்கும். பொய் என்றால் ஏழாயிரம்பண்ணையில் போய் விசாரியுங்கள். அப்படிப்பட்டவன் ஒரு காருக்குள் கையை விட்டு மாட்டிக்கொண்டான் என்றால் அது லேசான விஷயமா?

கார் என்றால் பழைய அம்பாசிடர். என் வாசலில் வேப்பமரத்தடியில் நிற்கும். ஓடும், ஆனால் மனசு வைத்தால்தான் ஓடும். மீட்டர் முள் அசைந்து பல வருஷம் ஆயிற்று. கேபிள் எங்கேயோ அறுந்துபோய், கிலோமீட்டர் நம்பர் எழுபதாயிரத்து நானூற்றிப் பதினைந்திலேயே நின்றுவிட்டது. வண்டி கன்னியாகுமரி போய் வந்தாலும் அதே நம்பர்தான்.

அந்த நம்பர்தான் என்னைப் பிடித்தது.

எனக்கு ஒரே மகள், அமுதவல்லி. பள்ளிக்கூடத்தில் டீச்சர். விருதுநகரில் வற்றல் மண்டி வைத்திருக்கும் ரத்தினவேலு வீட்டுக்கு அவளைக் கொடுப்பதாக நான் வாக்குக் கொடுத்திருந்தேன். எங்கே கொடுத்தேன்? கோயில் கமிட்டிக் கூட்டத்தில், ஊர்ப் பெரிய மனிதர்கள் அத்தனை பேர் முன்னாலும். "இன்ஸ்பெக்டர் வாக்கு ஹைடென்ஷன் லைன் மாதிரி, ஒருத்தனும் தொட முடியாது" என்று வேறு சொல்லிவிட்டேன். கைதட்டினார்கள். கைதட்டல் கேட்டுவிட்டால் நான் எப்போதும் ஒரு வாக்கியம் அதிகமாகப் பேசிவிடுவேன். அது என் சுபாவம், அதில் தப்பில்லை.

ரத்தினவேலு நல்ல மனிதர். ஒரே ஒரு பழக்கம், எந்த நம்பரைப் பார்த்தாலும் கூட்டுவார். பஸ் நம்பர், வீட்டு நம்பர், தியேட்டரில் சீட்டு நம்பர். கூட்டு எண் எட்டு வந்தால் அந்தத் தெருவிலேயே நடக்க மாட்டார். பெண்ணோடு அந்த அம்பாசிடரையும் தருகிறேன் என்று நான் சொல்லியிருந்தேன். நிச்சயதாம்பூலத்தன்று காலையில் போன் செய்தார்.

"சம்பந்தி, கார்ல மீட்டர் எம்புட்டு காட்டுது?"

சொன்னேன். மறுமுனையில் ஏழு, பதினொன்று, பன்னிரண்டு, பதினேழு என்று முணுமுணுப்பு. கூட்டுகிறார் என்று புரிந்தது.

"எட்டு வருதே."

"வந்தா என்ன?"

"என்னவா? நாங்க வர்றதுக்குள்ள அதை மாத்தி வைங்க. ஒரு நம்பர் தள்ளினாப் போதும், ஒம்பது வந்துரும். எட்டு நிக்கிற வாசல்ல நான் தட்டு மாத்த மாட்டேன்."

ஒரு கிலோமீட்டர் ஓட்டினால் நம்பர் மாறும். ஆனால் கேபிள் அறுந்த வண்டி எவ்வளவு ஓடினாலும் மாறாது. அப்படியானால் மீட்டரைக் கழற்றி வெளியே எடுத்து, பின்பக்கம் விரலை விட்டு நம்பர் சக்கரத்தைத் தள்ள வேண்டும். ஞாயிற்றுக்கிழமை, மெக்கானிக் எவனும் இல்லை. மெக்கானிக் எதற்கு என்று நானே இறங்கினேன்.

அந்தக் காரில் மீட்டர் நட்டநடுவில் இருக்கும். முன்பக்கம் ஒரு ஸ்குரூவும் தெரியாது. எல்லாம் பின்னால். கீழே மல்லாந்து படுத்து, தலையை டேஷ்போர்டுக்கு அடியில் கொடுத்து, கையை மேலே விட்டுத் தடவித் தடவித்தான் கழற்ற வேண்டும். படுத்தேன். என் தலை உள்ளே, இடுப்பு சீட்டுக்குக் கீழே, கால் இரண்டும் இடது பக்கக் கதவு வழியாகத் தெருவில். வலது கையை மேலே விட்டேன். இரண்டு திருகு கழன்றது. மூன்றாவதைத் தேடி இன்னும் கொஞ்சம் உள்ளே போனேன். கையில் ஐம்பொன் காப்பு. அது ஒரு தகட்டுக்கும் கேபிள் நட்டுக்கும் நடுவில் போய்க் குறுக்கே நின்றுகொண்டது. இழுத்தேன். இறுகியது. இன்னும் இழுத்தேன். இன்னும் இறுகியது.

தம்பி, நீங்கள் எங்கேயாவது மாட்டியிருக்கிறீர்களா? இந்தப் பஸ்ஸைச் சொல்லவில்லை. நிஜமாக மாட்டுவது. மூக்குக்கு நேரே இரும்பு. பழைய பெட்ரோல் வாசனை. கண்ணில் துரு உதிர்கிறது, துடைக்க இடது கையும் வளையாது. முதலில் சிரிப்பு வரும். அப்புறம் கோபம் வரும். அப்புறம் தண்ணீர் தாகம் வரும். கடைசியில், உலகம் முழுக்க வெளியே இருக்கிறது, நான் மட்டும் இதற்குள் இருக்கிறேன் என்று ஒன்று தோன்றும் பாருங்கள், அதற்குப் பெயர் கிடையாது.

என் மனைவி சண்முகத்தாயைக் கூப்பிட்டேன். வந்தாள். எனக்கு அவள் பாதம் மட்டும்தான் தெரியும்.

"என்னங்க, தூங்குறீகளா?"

"கை மாட்டிக்கிச்சு. தேங்காயெண்ணெய் கொண்டா."

"தீந்து போச்சே."

"சோப்பு?"

"நேத்தே கரைஞ்சிருச்சு."

"கிரீஸ்?"

"நான் என்ன ஒர்க் ஷாப்பா வச்சிருக்கேன்?"

நினைத்துப் பாருங்கள். எந்தச் சாமானும் தீர்வதற்கு முன்னே வாங்கி வைக்கிறவள். அன்றைக்குப் பார்த்து எல்லாம் ஒரே நாளில் தீர்ந்திருக்கிறது. என் நேரம். உள்ளேயிருந்து பஜ்ஜி வாசனை வேறு. பஜ்ஜிக்குக் கடலெண்ணெய், அது வேறு எண்ணெய், அதை மனிதன் கையில் தேய்க்கக் கூடாது என்றாள். அவளுக்கு அதெல்லாம் தெரியும்.

இப்போது நான் சொல்வதைத்தான் எவனும் நம்ப மாட்டான். நீங்கள் படித்தவர், நம்புவீர்கள். அறுந்துபோன கேபிளின் மிச்சத்துண்டு என் நாடிமேல் சரியாக அழுந்திக்கொண்டிருந்தது. என் ரத்தம் துடிக்கத் துடிக்க மீட்டர் முள் எழும்ப ஆரம்பித்துவிட்டது. கோபம் வந்தால் முள் ஏறும். அடங்கினால் இறங்கும். நான் கீழே படுத்திருக்கிறேன், எனக்குத் தெரியாது. சண்முகத்தாய்தான் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "இதென்னங்க, நிக்கிற வண்டி நாப்பதுல போகுது" என்றாள்.

"எதையாவது உளறாத, போய் ஆளைக் கூப்பிடு."

"அறுபது."

"சண்முகத்தாயி."

"எண்பதுக்குப் போயிட்டீக. கொஞ்சம் பிரேக் போடுங்க."

இருபத்தைந்து வருஷம் வீட்டில் எனக்குக் கோபம் வந்ததா இல்லையா என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அதற்கும் மீட்டர் வைத்துவிட்டார்கள்.

தெருவுக்கோ என் கால்தான் தெரிந்தது. ஒருவன் வந்து என் பெருவிரலைச் சுரண்டினான். "இன்ஸ்பெக்டரு, எங்க வீட்டுப் பக்கம் கரண்ட் இல்ல." நான் ரிட்டயராகிவிட்டேன் என்று சொன்னேன். "கால் ஆட்டுறீக, நல்லாத்தானே இருக்கீக, ஒரு போன் போட்டுச் சொன்னா என்ன" என்று திட்டிவிட்டுப் போனான். ஒரு நாய் வந்து என் பாதத்தில் தலை வைத்துத் தூங்கியது. விரட்ட முடியவில்லை. மரியாதை தெரிந்த நாய், குறட்டை மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி.

கேட் திறந்துவிட்டான், பார்த்தீர்களா? பஸ் நகர்கிறது. நான் சொல்வது உண்மை என்பதற்கு வேறென்ன வேண்டும்?

மத்தியானம் மூன்று மணி வாக்கில் விருதுநகர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செருப்புகள். பளபளவென்று ஒரு கறுப்புச் செருப்பு என் காலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ரத்தினவேலு.

"சம்பந்தி எங்க?"

"இதோ இருக்கேன்" என்றேன், அடியிலிருந்து.

"என்ன இப்படிப் படுத்து வரவேற்கிறீக?"

விவரம் சொன்னேன். அவருக்கு என் கையைப் பற்றிக் கவலையில்லை. ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நம்பர் இன்னும் மாறலையே" என்றார்.

சடங்கு உங்களுக்குத் தெரியும்தானே. பெண்ணைப் பெற்றவனும் பையனைப் பெற்றவரும் எதிரெதிரே உட்கார்ந்து, வெற்றிலை பாக்கு தேங்காய் பழத் தட்டை இரண்டு கையாலும் ஏந்தி மாற்றிக்கொள்ள வேண்டும். உட்கார முடியாவிட்டாலும் போகிறது, தட்டைக் காருக்கே கொண்டுவரலாம் என்று யாரோ யோசனை சொன்னார்கள். கொண்டுவந்தார்கள். என் வயிற்றுமேல் வைத்தார்கள். தேங்காய் உருண்டு சீட்டுக்கடியில் போயிற்று. ஆனால் வாங்குவதற்கு என்னிடம் வெளியே இருந்தது இடது கை.

"பீச்சாங்கையாலயா தாம்பூலம் வாங்குறது?" மாப்பிள்ளையின் அத்தை. குரல் மட்டும்தான் தெரியும். ஆள் பருமன் என்பது குரலிலேயே தெரிந்தது.

"பொண்ணுக்குப் பெரியப்பா சித்தப்பா யாரும் இல்லையா? அவுக மாத்தலாமே" என்றார் ரத்தினவேலு.

எனக்கு முன்னால் சண்முகத்தாய் பதில் சொன்னாள். "பெத்தவரு உசுரோட கார் அடியில கெடக்கையில இன்னொருத்தர் கையால நிச்சயம் பண்ணுனா ஊரு என்னங்க சொல்லும்? இவுக கை வரட்டும். வராம எங்க போகப் போகுது."

பாருங்கள், என் மரியாதை மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. துரு விழுந்ததாகவும் இருக்கலாம்.

"சரி, அதுவரைக்கும் டிபன் சாப்பிடுவோம்" என்று எல்லோரும் உள்ளே போனார்கள். கேசரி வாசனை வந்தது. ரத்தினவேலு எங்கள் கேஸ் சிலிண்டர் நம்பரைக் கூட்டிப் பார்ப்பது கேட்டது. வாசலில் யாரும் இல்லை. நானும் நாயும்தான்.

அப்போது டிரைவர் பக்கக் கதவு திறந்தது. பட்டுச் சேலைக் கரை தெரிந்தது, மருதாணி வைத்த பாதம் தெரிந்தது. அமுதா. அவள் சீட்டில் உட்கார்ந்தாள். நிச்சயதார்த்தப் பெண், அலங்காரத்தோடு ஸ்டியரிங்குக்குப் பின்னால். அவள் கால் என் காதுக்குப் பக்கத்தில்.

"அப்பா, வலிக்குதா?"

"இல்லம்மா."

"அறுபதுல இருக்கு, பொய் சொல்லாதீக."

கண்ணில் விழுந்த துருவைச் சிமிட்டித் தள்ளினேன்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நிமிந்து நிக்கிறப்ப சொல்ல முடியல, நீங்க நடந்து போயிருவீக. இப்ப எங்கயும் போக முடியாதுல்ல."

தம்பி, பெற்ற பிள்ளை பேசுகிற பேச்சா அது? ஆனால் உண்மை. எங்கே போவேன்.

"அவுக வீட்ல என் பேரை மாத்தணுமாம். கூட்டினா எட்டு வருதாம். வேற பேர் எழுதிக் கொண்டாந்திருக்காக. நாளையிலிருந்து நான் அந்தப் பேருக்குத் திரும்பிப் பாக்கணுமாம். வேலையையும் விட்டுரணுமாம். பள்ளிக்கூடக் கதவு நம்பரு சரியில்லையாம்."

"பெரியவுக சொன்னா..."

"மாப்பிள்ளைகிட்ட உங்க நெனப்பு என்னன்னு கேட்டேன். அப்பாவைக் கேட்டுச் சொல்றேன்னாரு. நல்லவருதான். ஆனா அவருக்கும் கை மாட்டித்தான் இருக்கு."

முள் எங்கே இருந்ததோ, அவள் பார்த்திருப்பாள்.

"இன்னொண்ணு. பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு நிலையத்திலிருந்து வந்தாங்க, தீப்பிடிச்சா எப்படி அணைக்கணும்னு சொல்லிக் கொடுக்க. அதுல அருளப்பன்னு ஒருத்தரு."

"அணைக்கச் சொல்லிக் குடுக்க வந்தவன் மூட்டிட்டுப் போயிட்டானா?"

அவள் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, நான் கோபமாகத்தான் கேட்டேன். சர்ச்சா கோயிலா என்று கேட்டேன். சர்ச் என்றாள். நம்ம ஆளா என்று கேட்கவே வேண்டியதில்லை. அப்புறம் அவள் குனிந்தாள், குனிந்து டேஷ்போர்டுக்கு அடியில் என் முகத்தைப் பார்த்தாள். தலைகீழாக அவள் முகம். நெற்றிச்சுட்டி காற்றில் தொங்குகிறது.

"ஒரு நம்பரை மாத்தப் போயி நீங்க மாட்டிக்கிட்டீகப்பா. உங்களுக்கு ஒரு கைதான் மாட்டியிருக்கு. நான் முழுசா மாட்டப் போறேன்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தாள். "முள்ளு கீழ எறங்குது" என்றாள். "எறங்கி எறங்கி... பூஜ்யத்துக்கு வந்திருச்சு. அப்ப சம்மதமாப்பா?"

வாக்குக் கொடுத்தவன் எப்படிச் சம்மதம் என்று சொல்வான்? கோயில் கமிட்டி முழுக்க உள்ளே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிடுகிறது. அவள் கொஞ்சம் காத்திருந்தாள். அப்புறம், "பயர் சர்வீசுக்குப் போன் போட்டிருக்கேன். உங்க கையை எடுக்கத்தான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கதவை மெதுவாகச் சாத்தினாள்.

நாலு மணி தாண்டியதும் எல்லோரும் வெளியே வந்தார்கள். ரத்தினவேலுவுக்குப் பரபரப்பு. "நேரம் போகுது, இழுங்கப்பா" என்றார். மாப்பிள்ளை என் இடது காலைப் பிடித்தார். கமிட்டித் தலைவர் வலது காலைப் பிடித்தார். அத்தை என் வேட்டியைப் பிடித்தாள், அதுதான் எனக்குப் பெரிய கவலை. இழுத்தார்கள். கார் நகர்ந்தது, நான் நகரவில்லை. நிஜமாகச் சொல்கிறேன், கைப்பிரேக் போட்ட அம்பாசிடர் என்னோடு சேர்ந்து ஒரு முழம் பக்கவாட்டில் வந்தது. வேப்பமரத்தில் இடித்து நின்றது. என் முழங்கை ஏதோ ஒயரில் பட்டு ஹாரன் அடிக்க ஆரம்பித்து நிற்கவே இல்லை. நாய் எழுந்து போய்விட்டது.

"இந்தக் கை இப்படி மாட்டுமா?" என்றார் மாப்பிள்ளை, மூச்சு வாங்க.

"ஹைடென்ஷன் லைன் பிடிச்ச கை" என்றேன்.

அந்த ஹாரன் சத்தத்துக்கு மேலே இன்னொரு மணிச்சத்தம். சிவப்பு வண்டி தெருவுக்குள் திரும்பியது. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. ரத்தினவேலு என்ன செய்தார் தெரியுமா? தீயணைப்பு வண்டியின் முன்னால் போய் நின்றார். நம்பர் பிளேட்டைப் பார்த்தார். விரல் மடக்கினார். திரும்பவும் மடக்கினார். எனக்குக் கறுப்புச் செருப்புதான் தெரிந்தது, அது பின்னால் பின்னால் போனது.

"சம்பந்தி, இது வேண்டாம். மீட்டர்ல எட்டு, இதுலயும் எட்டு. மணி நாலரையும் ஆச்சு. இதுக்கு மேல என்ன சகுனம் வேணும்? நீங்க வாக்கைக் காப்பாத்த நெனச்சீக, எனக்குத் தெரியும். உங்க மேல குத்தம் இல்ல. கையே வரலையே, நீங்க என்ன செய்வீக."

வண்டியேறிப் போய்விட்டார்கள். அத்தை கேசரியைப் பார்சல் வாங்கிக்கொண்டாள்.

இப்போது கொஞ்சம் பக்கத்தில் வாருங்கள். முன் சீட்டில் காது நீண்டிருக்கிறது.

ஒரு பையன் கத்திரி மாதிரி ஒரு கருவியோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டான். ஒல்லி. காக்கிச் சட்டையில் பெயர் குத்தியிருந்தது. டார்ச் அடித்தான். என் முகத்தில் அடித்தான், தோளில் அடித்தான், கையில் அடித்தான். அப்படியே நிறுத்தினான்.

"சார்."

"என்ன?"

"கை மாட்டவே இல்லையே, சார்."

"மெதுவாப் பேசு."

"நீங்கதான் தகட்டைப் பிடிச்சுக்கிட்டு இருக்கீங்க."

ஆமாம். முழுசா மாட்டப் போறேன் என்று அமுதா சொன்னாளே, அப்போதே கை துவண்டுபோய்விட்டது. இறுக்கிக்கொண்டிருந்த காப்பு தானாகத் திரும்பி வழி விட்டது. நாடியை விட்டுக் கேபிள் விலகியது, முள் அதனால்தான் இறங்கியது. கை பாட்டுக்கு என் நெஞ்சுமேல் வந்து விழுந்தது. நான் அதைப் பார்த்தேன். அந்தக் கையோடு வெளியே போனால் என்ன ஆகும்? தட்டு மாற்ற வேண்டும். வாக்குக் கொடுத்தவன், இரண்டு கையும் நன்றாக இருப்பவன், எப்படி மாட்டேன் என்பான்? யோசித்தேன். கையைத் திரும்ப எடுத்துப்போய் அதே இடத்தில் வைத்துக்கொண்டேன். இழுத்தார்களே, அப்போது பிடித்தேன் பாருங்கள் ஒரு பிடி, இன்றைக்கும் மழை வந்தால் மணிக்கட்டு நோகிறது.

"இப்ப என்ன சார் செய்ய?" என்றான் அருளப்பன்.

"எதையாவது வெட்டு. சத்தம் வரணும்."

"எதை?"

"மீட்டரை எடு. அதுக்குத்தான் காலையிலிருந்து படுத்திருக்கேன்."

நல்ல பிள்ளை, வேறு எதுவும் கேட்கவில்லை. தகட்டை வெட்டினான், மிச்சத் திருகைக் கழற்றினான். மீட்டர் முழுசாகக் கழன்று அவன் மடியில் விழுந்தது. ஹாரன் நின்றது. "கை வந்திருச்சு" என்று அவன் கத்த, தெருவே கைதட்டியது. என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். மணிக்கட்டில் கட்டுப் போட்டான். தேவையே இல்லை, இருந்தாலும் நன்றாகப் போட்டான். முகத்தைத் துடைத்துவிட்டு முதல் காரியமாக அவனிடம் கேட்டேன். "என் மக பேரு உனக்குப் பிடிச்சிருக்கா?"

"அந்தப் பேருக்கு என்ன சார் குறை" என்றான்.

அவ்வளவுதான் நான் கேட்டது. இன்றைக்கும் அவள் அமுதவல்லி டீச்சர்தான். அவளுக்கு ஒரு மகன், என் காப்பை இழுத்து விளையாடுவான்.

சண்முகத்தாய்க்கு இதெல்லாம் எதுவும் தெரியாது. வெகுளி. நான் நிஜமாகவே மாட்டியிருந்தேன் என்றுதான் இன்று வரைக்கும் நம்புகிறாள். விருதுநகர்க்காரர்கள் வெளியே வருவதற்குக் கொஞ்சம் முன்னால், அமுதா இறங்கிப் போன பிறகு, ஒரு டம்ளர் காபி கொண்டுவந்து டேஷ்போர்டுக்கு அடியில் நீட்டினாள். கொதிக்கக் கொதிக்க இருந்தது, இரண்டு கையாலும் வாங்கி ஊதி ஊதிக் குடித்தேன். அவள் குனிந்து பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். டம்ளரைத் திரும்ப வாங்கிக்கொண்டு, "கொஞ்ச நேரம் அப்படியே கெடங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். ஒன்றுமே கவனிக்கவில்லை. அடுத்த நாள் காலையில் பார்த்தால் அலமாரியில் தேங்காயெண்ணெய் நிறைய இருக்கிறது. ராத்திரியே வாங்கியிருக்கிறாள், பாவம், என் கைக்காக.

எனக்கு மட்டும் ஊரில் டேஷ்போர்டு இன்ஸ்பெக்டர் என்று பெயர் நின்றுவிட்டது. கல்யாண வீட்டில், டீக்கடையில், கமிட்டியில்கூடச் சிரிக்கிறார்கள். பன்னிரண்டு வோல்ட் காரில் கையை விட்டு மாட்டிக்கொண்டவன், தன்னை லைன் இன்ஸ்பெக்டர் என்கிறான் என்று. ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லார் வாயும் அடைந்துவிடும். நாக்கு நுனி வரை வரும். சொல்ல முடியுமா? சொன்னால் வாக்குத் தவறியவன் ஆகிவிடுவேன். ரத்தினவேலு இன்னும் பொங்கலுக்கு வற்றல் அனுப்புகிறார், "கை எப்படி இருக்கு சம்பந்தி" என்று கேட்கிறார். மாட்டினவன் மாட்டினவனாகவே இருக்க வேண்டியதுதான். அதிலிருந்து என்னை எந்த வண்டி வந்தும் எடுக்க முடியாது.

நான் இங்கே இறங்க வேண்டும். பையை எடுத்துக் கொடுங்கள். இது மாதிரிக் கதை, நீங்களும் நாலு பேரிடம் சொல்லத்தான் செய்வீர்கள். சொல்லுங்கள், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. மாட்டின கை என்று மட்டும் சொல்லுங்கள். மாட்டாத கையைப் பற்றிச் சொன்னால், யார் சொன்னது என்று கேட்பார்கள். கேட்டால் நான் இல்லை. பஸ்ஸில் ஒரு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வழி முழுக்கத் தூங்கிக்கொண்டே வந்தார் என்று சொல்லிவிடுங்கள்.